தற்காலிகப் பயன்பாட்டுக்கு

தார்த்துவில் மார்ச் மாதம். ஆற்றுப் பனி
இன்னும் உடையவில்லை.
மண்ணாய்வுக் கூடத்தின் கீழ்த்தளத்தில்
ரைவோ செய்த கருவியின் முன்
முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் சட்டப் புத்தகங்கள்.

குலுக்கி என்பார்கள். வேறு பெயர் கிடையாது.
சதுப்பிலிருந்து வெட்டியெடுத்த கரிமண்ணை
ஏழு சல்லடைகளில் இரவெல்லாம் ஆட்டும்
ஓர் அலுமினியக் கை.
உள்ளே இருப்பது ஏதோ லாரியின்
கண்ணாடி துடைத்த மோட்டார்.
இருபத்துநான்கு வோல்ட்.

அவ்வளவுதானா என்றது மின்னழுத்தச் சட்டம்.
எழுபத்தைந்துக்குக் கீழே எனக்கு வேலையில்லை
என்று கதவைச் சாத்திக்கொண்டது.

நோயறி கருவிகளின் சட்டம் வேறு மாதிரி.
அது மோட்டாரைப் பார்ப்பதேயில்லை,
எதற்காக என்று மட்டும் கேட்கும்.
பாசிக்காக, என்றேன்.
நாலாயிரம் வருடம் முன்பு செத்த பாசிக்கு
இனி என்ன நோய்?
ஆனால் போன மாதம் மருத்துவமனையிலிருந்து
ஆனெலி கேட்டாள்,
ரத்தக் குழாய்களையும் குலுக்கித் தருமா என்று.
தரும் என்று கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால்
அதே மோட்டார், அதே கை,
வேறு பிறவி.

இயந்திரச் சட்டம்தான் எழுந்து போகமாட்டேன் என்கிறது.
மனிதனோ மாடோ இழுக்காமல்
ஒரு பாகம் அசைந்தாலே போதும் அதற்கு.
"கைப்பிடி வைத்துவிடட்டுமா?" என்கிறான் ரைவோ.
"ஆராய்ச்சி மாணவர்கள் சும்மாதானே இருக்கிறார்கள்."

சந்து ஒன்று இருக்கிறது.
ஆய்வுக்கென்றே வடிவமைத்து
ஆய்வகத்தில் தற்காலிகமாகப் பயன்படுத்துவதை
அந்தச் சட்டம் தொடாது.

தற்காலிகமாக.
எப்போது செய்தாய் என்றேன்.
"மெரிலிக்குப் பல் முளைத்த வருடம்."
மெரிலி போன வாரம்
ஓட்டுநர் உரிமம் வாங்கினாள்.
தரையில் நான்கு கால்களும்
நான்கு குழி பறித்திருக்கின்றன.

எங்கள் மொழியில் எதிர்காலத்துக்கென்று
வினை வடிவம் கிடையாது.
நாளை வருகிறேன் என்போம்.
அடுத்த வருடம் கழற்றுகிறேன் என்போம்.
கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்றே
பதினேழு குளிர்காலம் போயிற்று.

நேற்று ஓலுவிலிருந்து கடிதம்:
இதே போல் மூன்று வேண்டும், விலை என்ன?
சந்தும் அடைபட்டது.
விலை போட்டு விற்கிற பொருளைத்
தற்காலிகம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

"ஒரு வாளி மண்ணைக் குலுக்க
அறுபது பக்கக் கோப்பா?
விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா?"

விரல் என்றதும் இருவரும் நிறுத்திக்கொண்டோம்.
அவன் வலக்கைச் சுட்டுவிரலில் நகம் கிடையாது.
விபத்துப் பதிவேட்டில்
'கதவிடுக்கு' என்று இருக்கிறது.
எழுதியவள் நான்.

பெட்டியைத் திறந்து
சோதனை விரலை எடுத்தேன்.
எஃகு. இரண்டு இடத்தில் மடங்கும்.
எதற்கும் பயப்படாது, யாருக்காகவும் பொய் சொல்லாது.
அலுமினியக் கைக்கும் சட்டகத்துக்கும் நடுவே நீட்டினேன்.
எங்கும் முட்டவில்லை.
வழி தெரிந்ததுபோல் உள்ளே போயிற்று.

ரைவோவின் கை சுவிட்சின் மேல் இருந்தது.
"ஓட்டட்டுமா?"
"வேண்டாம். தெரிந்துவிட்டது."

படிவத்தில் 'பொருந்தும்' என்று எழுதினேன்.
தடுப்பு, நிறுத்தப் பொத்தான், இடர் மதிப்பீடு,
இந்தக் குலுக்கிக்கும்
இனிப் பிறக்கப்போகும் மூன்றுக்கும்.
பிறகு, மேலே போய்
பழைய பதிவேட்டைக் கொண்டுவா என்றேன்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

போகும்போது கதவைச் சாத்தினான்,
மெதுவாக,
விரல் பார்த்து.